டீச்சர் மடியில் ஆறாம் பாகம்

பார்லர் நாற்காலியில் டீச்சர் ஆறாம் பாகத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் நின்று முடி வெட்டுகிறவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வருஷக்கணக்கில் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்த மாயக்கதைத் தொடர். அவளுக்கு இன்னும் பிரதி கிடைக்கவில்லை. போன பாகத்தின் முடிவில் பனிமலை உச்சியிலிருந்து விழுந்த குருட்டு வீரன் பிழைத்தானா என்பது இதோ, அவள் சீப்புக்குக் கீழே விரிந்து கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு முடி வெட்ட முடியுமா? விளக்கு வெளிச்சத்தில் தாள் பளபளக்கிறது. திடீரென்று டீச்சரின் தோள் குலுங்குகிறது. கண்ணாடியில் அவர் மூக்கு சிவந்திருக்கிறது. கத்தரிக்கோல் அந்தரத்தில் நிற்கிறது.

“டீச்சர், எதுவும் சொல்லிடாதீங்க!”

“நான் வாயே திறக்கலையே.”

“அழறீங்களே, அது போதாதா?”

“சந்தோஷத்துலயும் அழுவாங்கம்மா.”

“அப்போ சந்தோஷமா?”

டீச்சர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பக்கத்தைத் திருப்புகிறார். அவள் கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, அவர் தோளுக்கு மேலே குனிகிறாள்.

“கொஞ்சம் தூக்கிப் பிடிங்க டீச்சர், எழுத்து தெரியல.”