மூன்றாம் தடவை

ஒரு ஆய்வகத்தில் ரத்தச் சர்க்கரையை அளக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. சில நாட்களாகத் தன் கணக்கு பிசகுவது அதற்கே தெரிந்தது. யாராவது கண்டுபிடித்துப் பழுது பார்க்க மாட்டார்களா என்று ஏங்கியது.

காலையில் அதைச் சோதிக்கும் மருந்துக் குப்பி வந்தது. குப்பியில் சர்க்கரை நூறு என்பது ஆய்வகம் முழுக்கத் தெரியும். இயந்திரம் நூற்று நாற்பது என்றது.

"அப்பாடா, மாட்டிக்கிட்டேன் அண்ணே!"

"ரொம்ப ஆசைப்படாதே தம்பி. மறுபடி ஊத்துவாங்க பாரு," என்றது குப்பி.

ஊற்றினார்கள். நூற்று முப்பத்தெட்டு. மறுபடியும் ஊற்றினார்கள். தப்பித்தவறி நூற்று இரண்டு என்று வந்துவிட்டது. முதல் இரண்டையும் அழித்துவிட்டு, "மெஷின் நல்லாத்தான் இருக்கு," என்றார்கள்.

"பாஸாயிட்டே, போ," என்று குப்பி சிரித்தது.

அடுத்து ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய் ஒன்று வந்து நின்றது. "அண்ணே, நீங்க சொல்றதை வச்சுத்தான் என்னைக் கொடுத்த அம்மாவுக்கு இன்சுலின் போடுவாங்க. கூட்டிச் சொல்லிடாதீங்க, அந்த உடம்பு தாங்காது."

"மூணு தடவை கேட்டா ஒரு தடவை சரியாச் சொல்லிடுவேன், கண்ணு."

"என்னை எத்தனை தடவை கேப்பாங்க?"

"ஒரே தடவைதான்," என்று இயந்திரம் சொல்லி முடிப்பதற்குள் அதன் ஊசி ரத்தத்தில் இறங்கிவிட்டது.