நேரான மூக்கு

"எல்லாத்துக்கும் காரணம், இதோ உட்கார்ந்திருக்கானே, இவன்தான் டாக்டர்! முதல்ல இவனைக் கேளுங்க."

மௌரீன் விரலை நீட்டியது நோயாளியைப் பார்த்து அல்ல, மூத்த மகன் டிரேவரைப் பார்த்து. நோயாளி இளையவன் டென்சில். முகத்தில் மாஸ்க்கோடு பக்கத்து நாற்காலியில் குனிந்திருந்தான்.

"மம்மி, மெதுவா," என்றான் டிரேவர்.

"என்னடா மெதுவா? போட்டோ போட்டோவா மூக்கைச் சரி பண்ணிக் குடுத்துத் தம்பியைக் கெடுத்தது யாரு? நானா?"

டாக்டர் ஸ்ரீரஞ்சனி பேனாவை மூடி வைத்தார். "புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

மௌரீன் கொட்டித் தீர்த்தாள். டென்சிலுக்கு மூக்கு இடது பக்கம் கோணலாம். வேறு யார் கண்ணுக்கும் தெரியாத கோணல். காலையில் பாத்ரூமுக்குள் போனால் கண்ணாடியை விட்டு நகரமாட்டான். ஆபீஸ் கேப் வாசலில் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். வீடியோ மீட்டிங் என்றால் கேமரா ஆஃப். சித்தப்பா மகள் கேரல் கல்யாணத்துக்கு அவர்கள் ஏரியா ரிச்சர்ட்ஸ் டவுனே திரண்டு வந்தது. இவன் மட்டும் மாஸ்க்கோடு சர்ச்சில் கடைசி பெஞ்ச்.

டிரேவருக்கு கல்யாண ஆல்பம் டிசைன் பண்ணுகிற வேலை. எந்த போட்டோ எடுத்தாலும் டென்சில் அதை அவனுக்குத்தான் அனுப்புவான். "மூக்கை மட்டும் நேராக்கிடுண்ணா." அரை மணியில் திரும்பி வரும். "ஆங், இப்ப சரி." ரெண்டு நாள் வீடு நிம்மதியாக இருக்கும். அப்புறம் அடுத்த போட்டோ.

"பொறந்ததுலேருந்து பார்க்கிற மூஞ்சி டாக்டர். இவன் சரி பண்ணினதுலயும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. கண்ணுதான் கெட்டுப்போச்சோன்னு என் கண்ணாடி பவரைக்கூட செக் பண்ணிட்டு வந்தேன்!"

டாக்டர் சிரிக்கவில்லை. டென்சில் பக்கம் திரும்பினார்.

"போன தடவை நீங்க தனியா வந்தப்பவே சொன்னேன். இதுக்கு பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர்னு பேரு. இது திமிரும் இல்ல, அழகுப் பைத்தியமும் இல்ல. உங்க கண்ணுக்கு நிஜமாவே அப்படித்தான் தெரியுது. பேசிப் பேசிச் சரி பண்ற சிகிச்சை இருக்கு, தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு. கண்ணாடி பார்க்கறதையும் 'என் மூக்கு எப்படி இருக்கு'ன்னு கேக்கறதையும் கொஞ்சம் கொஞ்சமா விடணும். மாஸ்க் இல்லாம முதல்ல தெருமுனை, அப்புறம் மெட்ரோ. கஷ்டம்தான். ஆனா முடியும்."

"மாத்திரை போட்டா எலும்பு நேராகுமா டாக்டர்?" டென்சில் நிமிர்ந்தான். "நான் முடிவு பண்ணிட்டேன். திங்கக்கிழமை பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்கிறேன். ஆபரேஷன்தான்."

"ஏசுவே! கத்தி வைக்கறதுலயே நிக்கறான் பாருங்க," என்றாள் மௌரீன்.

டென்சில் போனை எடுத்து, அண்ணன் திருப்பி அனுப்பிய ஒரு போட்டோவைத் திறந்து டாக்டர் முன்னால் வைத்தான். "இதைத்தான் அவர்கிட்ட காட்டப் போறேன். இப்படி ஆக்கிடுங்கன்னு கேக்கப் போறேன். இதுல நான் நல்லாத்தான் இருக்கேன். அப்ப கோளாறு என் மண்டையில இல்ல, மூக்குலதான் இருக்கு. மண்டையில இருந்தா இந்த போட்டோவும் கோணலாத்தானே தெரியணும்?"

மௌரீனுக்கே அவன் கேட்பதில் நியாயம் இருப்பது போலத்தான் இருந்தது. அந்த எரிச்சலும் பெரியவன் மேலேயே பாய்ந்தது.

"பாத்தியாடா? நீ செஞ்சு குடுத்த மூக்கை வெச்சே வாதாடறான்! வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்!"

டிரேவர் தன் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினான்.

"மூக்கு நேரா, கோணலான்னு நான் சொல்லமாட்டேன் டென்சில்," என்றார் டாக்டர். "நான் சொன்னா இன்னைக்கு நிம்மதியா போவீங்க. நாளைக்கு மறுபடியும் கேப்பீங்க."

"நீங்க சொல்லவே வேண்டாம். ஒரிஜினலையும் இதையும் பக்கத்துல பக்கத்துல வைக்கச் சொல்லுங்க, போதும். ரெண்டும் ஒண்ணா இருந்தா சர்ஜன் வேண்டாம். திங்கக்கிழமை இங்கயே வர்றேன். நீங்க சொல்றதை எல்லாம் செய்யறேன். மாஸ்க்கைக்கூடக் கழட்டறேன்."

"எங்கடா ஒரிஜினல்?"

"பார்க்கப் பிடிக்காம அப்பப்பவே அழிச்சுடுவேன் மம்மி. அண்ணாகிட்ட இருக்கும்."

"காட்டுடா!" என்றாள் மௌரீன். "உன் கைவரிசையை டாக்டரும் பார்க்கட்டும்."

டிரேவர் தன் போனைத் தொடவில்லை. "வேண்டாம் மம்மி."

"ஏன், வெக்கமா இருக்கா?"

"பயமா இருக்கு. இதுக்கப்புறம் இவன் என்கூடப் பேசுவானோ மாட்டானோ."

"பேசினா என்ன, பேசாட்டி என்ன? தம்பி மூஞ்சியில கத்தி வைக்கப் போறான்டா!"

"காட்டுண்ணா!" டென்சில் தன் போனைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டான். ஆத்திரத்தில் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இழுத்துவிட்டிருந்தான். "இவங்களும் பார்க்கட்டும். நான் பொய் சொல்லலைன்னு தெரியட்டும். எங்க ஒரிஜினல்?"

டிரேவர் தம்பியின் முகத்தை நேராகப் பார்த்தான்.

"நீ கையில வெச்சிருக்கியே, அதுதான்டா. நீ அனுப்பினதை அப்படியே திருப்பி அனுப்பினேன். நேராக்கு நேராக்குன்னு ஒவ்வொரு தடவையும் சொன்ன... ஒரு தடவைகூட நான் பண்ணலை."