நஸ்மி வேலைக்குப் போயிருக்கிறார்

கணவர் நஸ்மியின் சேட்டுகள் இரண்டை நனைத்துப் பின்வளவுக் கொடியில் விரித்துப் போட்டுவிட்டு நபீசா உள்ளே ஓடி வந்தாள். வாசல் மணி அடித்துக்கொண்டிருந்தது. கதவருகே கிடந்த அவருடைய செருப்பைக் காலால் சற்றுக் கோணலாகத் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தாள்.

வெளியே ஆரோக்கியசாமி நின்றார். தூத்துக்குடியிலிருந்து மெல்பேணில் இருக்கும் மகளைப் பார்க்க வந்தவர், புறநகர் ரோவில் வரைக்கும் நபீசாவைத் தேடி வந்திருந்தார். பக்கத்தில் மகள் ஷாமினி கார்ச் சாவியோடு நின்றாள்.

“வாங்கோ அண்ணன். அவர் இப்பத்தான் வேலைக்குப் போனவர். உங்களைப் பார்க்க ஏலாமப் போச்செண்டு சரியான கவலை.”

“இருக்கட்டும் தங்கச்சி. செவ்வாய்க்கிழமைன்னு சொன்னது நான்தானே” என்றபடி, இடது காலை இழுத்து இழுத்து உள்ளே வந்து உட்கார்ந்தார்.

இருவரும் நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நஸ்மி என்ஜினியராகப் போன கப்பலில் ஆரோக்கியசாமி சமையல்காரர். சோமாலியக் கடற்கொள்ளையர் அந்தக் கப்பலைப் பிடித்தபோது, இருவரையும் கரையில் ஒரே கொட்டகையில்தான் அடைத்து வைத்திருந்தார்கள்.

“தம்பி எப்படி இருக்காரு?”

“நல்லா இருக்கிறார். கொஞ்சம் சீனி வருத்தம். வட்டிலப்பம் செய்தா ஒளிச்சுத்தான் வைக்கோணும்.”

ஆரோக்கியசாமி வாய்விட்டுச் சிரித்தார். “தூக்கம் வருதா அவருக்கு?”

“லைட்டை நிற்பாட்டினா எழும்பிருவார். விட்டு விட்டுத்தான் நித்திரை.”

“எனக்கும் அப்படித்தான் தங்கச்சி.” அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஷாமினி கைப்பேசியை எடுத்தாள். “ஆன்ட்டி, அங்கிளுக்கு ஒரு வீடியோ கால் போடுங்களேன். அப்பா ஒரு நிமிஷம் முகத்தைப் பார்க்கட்டும்.”

நபீசா தேநீர்க் கோப்பையை அவளிடம் நீட்டினாள்.

“வேலையில இருக்கிற மனுசனை எதுக்கும்மா தொந்தரவு பண்றே? டீயைக் குடி” என்றார் ஆரோக்கியசாமி.

பலகாரம் எடுத்து வருவதாகச் சொல்லிவிட்டு நபீசா குசினிக்குள் போனாள். குழாயைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் அப்படியே நின்றாள்.

இந்த வீட்டுக்கு அவள் தனியாகத்தான் குடி வந்தாள். நஸ்மி இதற்குள் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. வாசலில் கிடப்பது போன கிழமை வாங்கிய செருப்பு. கார் நிறுத்தும் சிமெந்தில் தேய்த்துத் தேய்த்து அவளே பழசாக்கியது.

நோயாளி ஒருவரை மட்டும் மீன்பிடிப் படகில் ஏற்றி அனுப்பக் கொள்ளையர் அன்று சம்மதித்திருந்தார்கள். காலில் குண்டு பட்டிருந்த ஆரோக்கியசாமிக்குத்தான் அந்த இடம். நஸ்மி காய்ச்சலில் பிதற்றுவதைக் கண்டு அவர் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார்.

“நாளைக்கு வெளிக்கிடுறன் நபீசா. அண்ணன்தான் என்னை அனுப்புறார்.” கொள்ளையரின் தொலைபேசியில் நஸ்மி கடைசியாகப் பேசியது அதுதான். படகைக் காணவில்லை என்று பிறகு கப்பல் கம்பனி சொன்னது. அடக்கம் செய்ய ஜனாஸாவும் இல்லை, போய் நிற்கக் கபுறும் இல்லை. கடல் அவரை எங்கே வைத்திருக்கிறது என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஆரோக்கியசாமி அதற்குப் பிறகும் சில வருடங்கள் அங்கே கிடந்தார். விடுதலையானதும், நஸ்மி சொல்லித் தந்து, தான் பாடமாக்கி வைத்திருந்த நபீசாவின் எண்ணுக்கு அழைத்தார்.

“தங்கச்சி... நஸ்மி தம்பி...” என்று தொடங்கியவர் மேலே பேச முடியாமல் அழுதார்.

தன் இடத்தையும் கொடுத்து, காலையும் கெடுத்துக்கொண்ட மனிதர். அத்தனையும் வீணாய்ப் போயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது? “வந்து சேர்ந்திட்டார் அண்ணன்” என்றாள் நபீசா. மறுமுனையில் அழுகை சட்டென்று நின்றது.

அன்றிலிருந்து ஒவ்வொரு நோன்புப் பெருநாளுக்கும் அவர் அழைப்பார். ஒவ்வொரு அழைப்பிலும் அவள் வாயால் நஸ்மிக்கு ஒரு வயது கூடியது. வேலை கிடைத்தது. மூக்குக் கண்ணாடி வந்தது. காதோரம் நரைத்தது. பேசிவிட்டுத் தொலைபேசியை வைத்த பிறகு, அடுத்த அறையில் யாரோ தொண்டையைச் செருமுவது அவளுக்குக் கேட்கும். சில பெருநாட்களில் தன்னை அறியாமல் இரண்டு தட்டில் சோறு போட்டிருக்கிறாள்.

பலகாரத் தட்டோடு அவள் திரும்பி வந்தபோது, சுவரிலிருந்த கல்யாணப் படத்தின் முன்னால் ஆரோக்கியசாமி நின்றுகொண்டிருந்தார்.

“இப்ப இதைவிட உடம்பு வச்சிட்டார் அண்ணன்” என்றாள் அவசரமாக.

“வைக்கட்டும் தங்கச்சி. நல்லா இருக்கட்டும்.”

புறப்படும்போது அவள் தலையில் கை வைத்தார். “தம்பியை நல்லா பார்த்துக்கிறே. எனக்கு அது போதும்.”

நபீசாவுக்கு மூச்சு வந்தது. இந்த மனிதரை இன்றைக்கும் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தாள். கார் நகரும்வரை வாசலில் நின்று கையசைத்தாள்.

“சனிக்கிழமை இன்னொரு தடவை வருவோம்ப்பா. அங்கிள் வீட்ல இருப்பாருல்ல?” என்றாள் ஷாமினி, காரைத் திருப்பியபடி.

“வேண்டாம்மா. அந்தப் பிள்ளை அப்படியே நம்பிக்கிட்டு இருக்கட்டும்.”

“எதை?”

ஆரோக்கியசாமி தெருமுனையில் நபீசா மறையும்வரை கையை அசைத்துக்கொண்டே இருந்தார்.

“படகு கவுந்து அதே கரையில ஒதுங்கின தம்பியைப் புதைச்சதே நான்தான்.”