அது யார் குரல்

2007, மே மாதத்துப் பிற்பகல். சாரம் என்ற ஊரில் ஒரு மொட்டைமாடி அறை. தகரக் கூரை வெயிலில் முறுகிச் சடசடக்கிறது. ராப் பாடகன் இனியவன் கணினி முன் உட்கார்ந்திருக்கிறான். சாயப்பட்டறை முதலாளி அனுப்பிய இரண்டு பேர் செருப்பைக் கழற்றாமல் நிற்கிறார்கள். பட்டறைத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிச் செத்தவனின் மனைவி ராஜாம்பாள், நடந்ததை இனியவனிடம் சொல்லியிருக்கிறாள். அவள் பேச்சைப் பதிவு செய்து, வேகத்தைக் குறைத்து, ஆள் தெரியாதபடி ஆண்குரல்போல் கனக்கச் செய்து, பம்பு மோட்டாரின் இரைச்சலைத் தாளமாக்கி அவன் ஒரு பாட்டு செய்திருக்கிறான். அதன் சிடி ஊரெல்லாம் சுற்றுகிறது. இப்போது அறையில் ஒலிப்பதும் அதுதான். ஸ்பீக்கர் மேலிருக்கும் டம்ளரில் தண்ணீர் நடுங்குகிறது.

"நல்லா இருக்குப்பா," என்கிறார் வந்தவர்களில் மூத்தவர். "நடுவுல பேசறது யாரு?"

"நான்தாண்ணே."

"மூச்சு வாங்கறது பொம்பள மாதிரி இருக்கே."

"கம்ப்யூட்டர்ல மாத்துனா அப்படி ஆயிடும்ணே."

இளையவன் கதவைச் சாத்தித் தாழ் போடுகிறான். மூத்தவர் ஸ்பீக்கர் ஒயரைப் பிடுங்குகிறார்.

"அப்ப எங்க எதிர்ல பேசிக் காட்டு."

இனியவன் மூத்தவரின் கண்ணைப் பார்த்தபடி, ராஜாம்பாள் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம் மூச்சு வாங்கி, அவள் பேச்சை ஒரு சொல் மாறாமல் சொல்லத் தொடங்குகிறான்.

"கயிறு கட்டாமத்தான் எறக்குனாங்க."