தைப்பூசத் தேங்காய்

மனிதகுலம் பாழாக்கிய நதிகளை எல்லாம் தமிழனின் தேங்காய் கழுவிக் காட்டும் என்று சந்திரசேகரன் முழங்கினார்.

முழங்கிய இடம், ஜெலுத்தோங்கில் ஷர்மினியின் பாத்தேக் துணிச்சாயப் பட்டறைக்குப் பின்னால் ஓடும் சாக்கடை ஓரம்.

சந்திரசேகரனுக்கு இன்னும் டத்தோ பட்டம் கிடைக்கவில்லை. ஆனால் டத்தோ மாதிரி நிற்கப் பழகியிருந்தார். வயிறு முன்னே, கைகள் பின்னே. மாலையையும் வரும் வழியில் தாமே வாங்கி வந்துவிட்டார்.

மேலே தொட்டியில், சலவைச் சோடா கலந்த நீலச் சாயத் தண்ணீர். கீழே அவருடைய கண்டுபிடிப்பு: ஒரு பிளாஸ்டிக் பீப்பாய். அதற்குள், தைப்பூசத் தேருக்கு முன்னால் சிதறிய தேங்காய்களின் சிரட்டையும் நாரும், இடித்துத் திணித்தபடி.

சிரட்டைத்தூள் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆராய்ச்சிக்கூடங்களில் அதை முதலில் கழுவுவார்கள்.

ஷர்மினியும் அதைத்தான் கேட்டிருந்தாள். “கழுவாம போடலாமா அங்கிள்? மஞ்சள் அப்பிக் கிடக்கு லா.”

“சாமி தேங்காம்மா அது! கழுவி லொங்காங் சாக்கடையில ஊத்தச் சொல்றியா?”

அவள் நாரை அப்படியே பீப்பாயில் அள்ளிப் போட்டாள். சாக்கடையில் இன்னொரு தடவை நிறம் தெரிந்தால் பட்டறைக்குப் பூட்டு என்று சுற்றுச்சூழல் இலாகா அதிகாரி சலேஹா சொல்லியிருந்தார். வேறு வடிகட்டி வாங்க அவளுக்கு வழியில்லை.

இப்போது சலேஹா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பேச்சில் நம் முன்னோர்கள் அடிக்கடி வந்து போனார்கள். ஷர்மினி ஒருமுறைகூட வரவில்லை.

சந்திரசேகரன் குழாயைத் திறந்தார். கண்ணாடிக் குவளையில் பிடித்தார். குவளையைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தபடி உயரத் தூக்கினார்.

நீலம் போயே போய்விட்டது. அதை யாரும் மறுக்க முடியாது.

கைதட்டல் தொடங்கிய வேகத்திலேயே நின்றது.

குவளையில் ஆரத்தி கரைத்தாற்போல் செக்கச்செவேலென்று தண்ணீர்.

மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்பது நம் முன்னோர்களுக்குத் தெரியும். சோடா பட்டாலும் அதேதான்.

மங்களகரமான நிறம் என்றார் சந்திரசேகரன்.

சலேஹா குவளையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு ஷர்மினியிடம் திரும்பி, இவ்வளவு நாள் இந்தச் சிவப்புச் சாயத்தை எங்கே ஒளித்து வைத்திருந்தாய் என்று கேட்டார்.

அந்தப் பட்டறையில் சிவப்புச் சாயம் வாங்கியதே இல்லை.