நீலப் போத்தல்

"இந்த நீலப் போத்தல யாரு படையல்ல வெச்சது?"

ராஜு போட்ட சத்தத்தில் கூடமே திரும்பிப் பார்த்தது. அவருடைய அண்ணன் சின்னையாவுக்கு அன்று பதினாறாம் நாள் காரியம். வாழையிலையில் ஆட்டுக்கறி, பொரித்த மீன், வடை, சுருட்டு, ராஜு ஈப்போவிலிருந்து வாங்கி வந்த விலை உயர்ந்த விஸ்கி. அதற்குப் பக்கத்தில், ஓட்டப்பந்தயக்காரர்கள் குடிக்கும் ஜப்பான் பானம், போக்காரி. மூடிகூடத் திறக்காத போத்தல்.

"நான்தான் வெச்சேன் தம்பி," என்றாள் சின்னையாவின் மனைவி வீரம்மா.

"அண்ணன் என்ன, மேல போயி மரத்தான் ஓடப் போறாரா? எவ்ளோ நல்ல சரக்கு வாங்கி வெச்சிருக்கேன், அது பக்கத்துல போயி தண்ணிப் போத்தல். மாலு லா அண்ணி, வெக்கமா இருக்கு. பார்க்கிறவன் சிரிப்பான்."

நாலைந்து பேர் சிரித்தும் விட்டார்கள். சுங்கை சிப்புட் ஊரில் ராஜு வாயைத் திறந்தால் சிரிப்பதற்கு ஆள் தயாராக இருக்கும். ஐந்து லோரி ஓட்டுகிற முதலாளி சொன்னால் எதுவும் நகைச்சுவைதான்.

ராஜு போத்தலை எடுத்து மேசைக்குக் கீழே வைத்தார். வீரம்மா குனிந்து எடுத்து, பழைய இடத்திலேயே வைத்தாள்.

"அண்ணி, அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா? இங்கிலீஷ்ல வேர்வைன்னு எழுதியிருக்கு. வேர்வைன்னு பேரு வெச்சு விக்கிறான், அதயும் காசு குடுத்து வாங்குறோம். யாரு சரக்கு அது? சண்டக் காலத்துல நம்ம தாத்தாவ சயாமுக்கு ரயில் போட புடிச்சிட்டுப் போனானே ஜப்பான்காரன், அவன் சரக்கு. போன தாத்தா திரும்பி வந்தாரா?"

பார்த்தே இராத தாத்தாவுக்காக ராஜுவுக்குத் தொண்டை அடைத்தது. வாசலில் நிற்கும் அவருடைய ஹைலக்ஸ் வண்டியும் ஜப்பான்காரன் சரக்குதான். அதை வாங்கிய அன்று மட்டும் தொண்டை நன்றாகத்தான் இருந்தது.

"டிங்கிக் காய்ச்சல் வார்டுல எல்லாக் கட்டில்லயும் இந்தப் போத்தல்தானே இருக்கும்," என்றார் பக்கத்து வீட்டு மாயாண்டி. "ஒன்னு இருந்தா என்னாப்பா?"

"நீங்க சும்மா இருங்கண்ணே. இது எங்க குடும்ப விசயம்."

வீரம்மா குரலை உயர்த்தவில்லை. "அவரு இதக் குடிக்கணும்னு ஆசப்பட்டாரு தம்பி. அவ்ளோதான். ஆசை தீராம அனுப்பினா என் மனசு ஆறாது. போத்தல் இருந்துட்டுப் போகட்டும்."

"ஆசப்பட்டாரா? ஒங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்களும்தான் டிங்கி வந்து பொம்பளங்க வார்டுல படுத்துக் கெடந்தீங்க. சிங்கப்பூர்லேர்ந்து மக வந்து சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. அப்புறம் கடைசி வரைக்கும் அண்ணன் பக்கத்துல இருந்தது யாரு?" ராஜு கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "நான். நாலாவது மாடி. லிஃப்ட்டுக்குக்கூட நிக்காம படியேறி ஓடுனேன் லா. முட்டி இன்னும் வலிக்குது."

கூட்டம் உச்சுக் கொட்டியது. ராஜு முட்டியைத் தடவிக்கொண்டார். பதினாறு நாளாக அந்த முட்டியைப் பற்றிப் பேசாத ஆளில்லை. செத்தது சின்னையாவா, முட்டியா என்று சந்தேகம் வந்துவிடும்.

பூசாரி பொறுமை இழந்தார். "கற்பூரம் ஏத்தணும். போனவரு கடைசியா எதையாச்சும் வாய் விட்டுக் கேட்டிருந்தா அதுக்குத்தான் மொத எடம். கேட்டாரா, இல்லையா?"

"கேக்கல," என்றார் ராஜு. "கேட்டிருந்தா என்கிட்டதானே கேட்டிருப்பாரு? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் கடையையே தூக்கிட்டு வந்திருப்பேன். அவரு கேட்டதுக்கு ஏதாச்சும் சாட்சி இருக்கா?"

"போத்தல் இருந்தாப் போதும் தம்பி. சாட்சியெல்லாம் எதுக்கு? விடுங்க."

"பார்த்தீங்களா, இல்ல. இருந்தாத்தானே காட்டுறதுக்கு." ராஜு போத்தலைத் தூக்கினார். "சாட்சி காட்டுங்க, இல்லாட்டி இது ரோட்டுக்குப் போவுது."

கை வாசல் பக்கம் ஓங்கியது. வீரம்மா அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சின்னையாவின் படத்துக்குப் பின்னாலிருந்து அவருடைய பழைய கைப்பேசியை எடுத்து, வாட்ஸப்பைத் திறந்து நீட்டினாள்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து அவரு அனுப்புனது. நீங்களே சத்தமா படிங்க தம்பி. எல்லாரும் கேக்கட்டும்."

ராஜு போத்தலை மாயாண்டி கையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கோயில் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பவர் மாதிரி தொடங்கினார்.

"'வாயெல்லாம் காஞ்சு போவுது. சோறு எறங்கல. பக்கத்துக் கட்டில்காரன் நீலப் போத்தல் ஒன்னு குடிக்கிறான். எனக்கும் ஒன்னு வாங்கிட்டு வாடா ரா...'"

 ராஜு சட்டென்று கைப்பேசியைக் கவிழ்த்து வேட்டி மடிப்பில் வைக்கப் பார்த்தார். பூசாரி அதை வாங்கி, விட்ட இடத்திலிருந்து படித்தார். "'...ராஜு.'"

அதற்குக் கீழே, அன்று மாலையே ராஜு அனுப்பிய பதில் இருந்தது: 'வாங்கிட்டேண்ணே. லிஃப்ட்டுல ஏறிட்டேன்.'

அதற்குப் பிறகு இரண்டு நாள் ஒன்றுமே இல்லை. செத்துப்போன அன்று காலையில் சின்னையா ஒரே ஒரு வரி அனுப்பியிருந்தார்: 'தம்பி, லிஃப்ட்டு ரிப்பேரா?'