கந்தூரி ஜின்

வல்லாஹி, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் என்றால் மாம்புரிக் கடலில் இனி என் வலைக்கு ஒரு சூடை மீன்கூட வராமல் போகட்டும்.

எங்கள் ஊர்க் கந்தூரி விருந்தில் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கூத்து உண்டு. ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் சஹன் தட்டுகளில் நெய்ச்சோறும் இறைச்சியும் வைத்து முடிந்ததும், "திரும்புங்க!" என்று ஒருவர் சத்தம் போடுவார். ஆண், பெண், சமையற்காரர் எல்லாரும் சோற்றுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து நின்று நபிகள் பேரில் ஸலவாத்து ஓத வேண்டும். ஓதி முடியும்வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கக் கூடாது.

ஏன் என்று கேட்டால், "ஜின்னுக்குப் பங்கு" என்பார்கள். பக்கத்து வீட்டு இப்றாஹிமின் ஆடு திரும்பிப் பார்த்துக் கண் அவிந்து போனதாம். மெய்தான், அந்த ஆட்டை நானும் கண்டேன். சட்டிக்குள் கிடந்தது.

வருஷா வருஷம் கொஞ்சம் சோறும் இறைச்சியும் குறையும். "ஜின் வந்து போயிருக்கு!" என்று ஊரே புல்லரித்து நிற்கும். பரிமாறி வைத்த தட்டுகளை விட்டுவிட்டு இந்த ஜின் ஏன் சட்டியிலிருந்து அள்ளுகிறது என்று ஒரு மூளையும் கேட்டதில்லை.

போன வருஷம், இறால் முதலாளி மீராசாஹிபின் அக்கா மகன் ரிப்கான், ஜின்னைப் படம் பிடித்து உலகத்துக்கே காட்டப் போவதாகச் சொல்லி, போனைத் தென்னையில் கட்டி வைத்தான்.

அன்று பின்னேரம் நான் முதலாளி வீட்டுக்குப் போனது ஒரு பிளேன்டீ குடிக்கத்தான். போனை நீட்டினார்கள். ஜின் நன்றாகவே விழுந்திருந்தது. கறுத்த அபாயா, கையில் ஒரு பை. அலீமா! மீன்பிடி போட்டில் விழுந்து இடுப்பு முறிந்த புருஷனை வீட்டில் படுக்க வைத்திருப்பவள்.

"கள்ளி! ஊரே ஸலவாத்து ஓதுற நேரத்தில அள்ளுறா பாருங்க!" மீராசாஹிப் துள்ளினார். "கூப்புடு அவள!"

அலீமா வந்தாள். தலை குனிந்து நின்றாள்.

"ஆர் ஒனக்கு இந்த வேல சொல்லித் தந்த?"

அலீமா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"வாய் இல்லியா? கேட்டிருந்தா தந்திருக்க மாட்டமா? ஊரே பாத்திருக்க, என்ட கையாலயே தந்திருப்பன்!"

"மாமா, பேஸ்புக்கில போடவா?" என்றான் ரிப்கான்.

"பொறு. வெள்ளிக்கிழம ஜும்ஆ முடிய எல்லாருக்கும் காட்டிட்டுப் போடு. பெரியாக்கள் காரணம் இல்லாமலா இந்த வழக்கத்த வெச்ச?"

"என்ன காரணம் மாமா?"

"அது... காரணம்தான்."

அப்போதுதான் அலீமா வாயைத் திறந்தாள். "படத்த மட்டும் காட்டாதீங்க நானா. மூத்தவளுக்கு மாப்பிள பேசியிரிக்கி. கலியாணம் நின்டு போயிரும்."

"அள்ளக்குள்ள அந்த யோசின வரல்லியோ?"

"அவள உடுங்க மகன்."

வாசலில் ஸுலைஹா மாமி. இந்தக் கந்தூரியை முதன்முதல் கொடுத்த அபூசாலி ஹாஜியாரின் மனைவி. "எல்லாரும் கடலப் பாக்கக்குள்ள நீ திரும்பாம நின்டு சோத்த அள்ளு என்டு அவளுக்குச் சொன்ன நான்தான்."

"நீங்களா மாமி?"

"ஓம். வருஷா வருஷம் ஆராவது ஒருத்திட காதில சொல்லுவன். தொண்ணூறில புலிகள் தொரத்தி, மன்னாரில இருந்து சனம் உடுத்த உடுப்போட வந்து இந்தக் கரையில எறங்கிச்சு. எங்கட மனுசன் சோறாக்கிக் கூப்பிட்டாரு. பசி கொல்லுது, ஆனா ஒரு கையும் நீளல்ல. நேத்து வரைக்கும் நாலு பேருக்குக் குடுத்த சனம். மனுசன் பாத்தாரு. எங்கட ஊராக்களப் பாத்து, 'எல்லாரும் கடலப் பாத்துத் திரும்புங்க, ஸலவாத்து ஓதுங்க' என்டாரு. ஓதி முடிய, சட்டி காலி. ஆர் எடுத்த என்டு ஒருத்தருக்கும் தெரியா. இதுதான் காரணம். ஜின்னும் இல்ல, ஒண்டும் இல்ல."

ரிப்கான் போனைக் கீழே தாழ்த்தினான். மீராசாஹிப் விடவில்லை.

"எங்கட குடும்பமும்தான் மன்னாரில இருந்து வந்த, மாமி. நாங்க இப்பிடி ஒளிச்சு அள்ளினமா? மானத்தோட இருந்த குடும்பம்!"

ஸுலைஹா மாமி அவருக்குக் கிட்ட வந்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அண்டைக்கி நான் மட்டும் திரும்பிப் பாத்திட்டன் மகன். முதல்ல சட்டியில கை வெச்ச உங்கட உம்மா. முந்தானையில அள்ளிட்டு ஓடினா. சின்னப்புள்ள நீங்க, பசியில அழுதழுது தொண்ட கட்டிக் கிடந்தீங்க. அவ மவுத்தாகுற வரைக்கும் அவக்கிட்டக்கூட நான் இதச் சொல்லல்ல. அந்த மானத்தத்தான் நீங்க இப்பச் சொன்ன."

மீராசாஹிப் மருமகனின் போனை வாங்கினார். எதை அமத்துவது என்று தெரியாமல் விரல் தடுமாறியது. கடைசியில் படத்தை அழித்தது ரிப்கான்தான்.

இந்த வருஷக் கந்தூரியில் "திரும்புங்க!" என்று கத்தியவர் மீராசாஹிப். ஒருதரம் ஓதுகிற இடத்தில் மூன்றுதரம் ஓதவைத்தார். கால் கடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். "பேசாதீங்க, இந்த முறை ஜின் குடும்பத்தோட வந்திரிக்கி!" என்று உறுக்கினார். என்னாலான உதவியாக நானும், அது தென்னை உயரம், குதிரைக் குளம்பு என்று சொல்லி வைத்தேன்.

ஆனபடியால், இந்தக் கதையைச் சொன்னது நான்தான் என்று எவரிடமும் மூச்சு விடாதீர்கள். ஜின் இல்லை என்று தெரிந்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். எங்கள் சனம் ஜின்னுக்குத்தான் பயப்படும். அடுத்தவர் மானத்துக்கா பயப்படப் போகிறது?